பதினொரு பேப்பர் கப்பும் தாணம்மாள் வயல் மண்ணும்

அனுப்புநர்:
க. நாகேந்திரன், வயது 52,
த/பெ கணபதியப்பன்,
பள்ளி ஆய்வக உதவியாளர்,
செயலாளர், ஊர்ப் படிப்பகம்,
நடுத்தெரு, மருதூர்க்குளம்,
மயிலாடி வழி, கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு வேளாண்மை இணை இயக்குநர் அவர்கள்,
நாகர்கோவில்.

பொருள்: மருதூர்க்குளம் மேலப்பத்தில், முன்பு தாணம்மாள் என்பவர் பாட்டத்துக்குப் பயிரிட்ட முப்பது செண்டு வயலில் களைக்கொல்லி தங்கி நாற்றும் பயறும் கருகுவது, அதற்குரிய பழி அவர்மேல் விழுந்தது, மண்ணை அரசு முறையில் சோதித்து எழுத்துமூலம் அறிவிக்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. புகார் கொண்டுவருகிறவன் தன் கையைக் கழுவிவிட்டு வரவேண்டும் என்பதால், என்னைப் பற்றிய ஓர் அசிங்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தங்கள் துறையார் எங்கள் ஊரில் மண்வள முகாம் நடத்தினார்கள். வயலில் நாலைந்து இடத்தில் குழி வெட்டி, மண் எடுத்து, கலந்து, அரைக் கிலோ கொண்டுவரச் சொன்னார்கள். அன்று நான் வெள்ளை வேட்டி கட்டியிருந்தேன். வயலில் முழங்கால் சேறு. ஆகவே புறவாசலில் என் மனைவி லட்சுமிப்ரியா வளர்க்கும் ரோஜாச் சட்டியிலிருந்து அரைக் கிலோ அள்ளி, பையில் கட்டி, என் வயலின் சர்வே எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டேன். மண்வள அட்டை வந்தது. அட்டையின்படி என் வயலில் சத்து கொழித்தது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு எங்கள் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். அட்டையில் இருந்த முத்திரையைப் பார்த்துப் பார்த்து நானே நம்பத் தொடங்கி, அந்தப் போகத்துக்கு உரத்தைப் பாதியாகக் குறைத்தேன். என்ன விளைந்தது என்பதை எழுதினால் இம்மனு நீளாது, மானம்தான் போகும். சட்டியில் மண் குறைந்ததை வைத்து என் மனைவி கண்டுபிடித்து, கீழ்வயல்காரன் கோலப்பனின் மனைவியிடம் மட்டும் சொன்னாள். எங்கள் ஊரில் ஒருவரிடம் மட்டும் சொல்வது என்றால் மைக் வைத்துச் சொல்வது என்று பொருள்.

2. தாங்கள் வெளி மாவட்டத்திலிருந்து புதிதாக வந்தவர் என்று கேள்விப்பட்டதால் சில விவரங்களைச் சொல்லிவைக்கிறேன். எங்கள் பக்கம் ஒரு போகத்தை ஒரு பூ என்போம். சித்திரையில் தொடங்குவது கன்னிப்பூ. புரட்டாசியில் தொடங்குவது கும்பப்பூ. மேலப்பத்து வயல்கள் குளத்துக் கரையிலிருந்து படிக்கட்டு மாதிரி இறங்குகின்றன. முதல் படியில் இருப்பது திரு. முத்துநாயகம் அவர்களின் ஒரு ஏக்கர். அவர் ஊர்வகை அம்மன் கோயில் டிரஸ்டின் தலைவர். மூன்று ஆண்டுகளாக அதில் நெல்லை விட்டுவிட்டு வாழை வைத்திருக்கிறார். இரண்டாம் படி, கோயிலுக்குச் சொந்தமான முப்பது செண்டு. அதைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, பயிரிட்டு வந்தவள் தாணம்மாள். மூன்றாம் படி நான். நாலாம் படி மேற்படி கோலப்பன். தண்ணீர் மேலிருந்து கீழே வரும். அதில் என்ன கலந்தாலும் அதுவும் வரும்.

3. தாணம்மாளுக்கு வயது 54. முறையில் எனக்கு மைனி, அதாவது அண்ணி. அவள் கணவர் மஸ்கட்டில் கட்டட வேலைக்குப் போன இடத்தில் நான்கு ஆண்டுகளுக்கு முன் நெஞ்சுவலியில் இறந்தார். உடல் ஊர் வந்து சேர இருபத்துமூன்று நாள் ஆனது. பிள்ளைகள் இல்லை. அந்த முப்பது செண்டு விளைச்சலும், நடவுக்கும் அறுப்புக்கும் ஊரார் வயலில் இறங்கிக் கிடைக்கும் கூலியும்தான் அவளுடைய சோறு. வேறு வழி அவளுக்கு இல்லை என்பதை இந்த இடத்திலேயே தாங்கள் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டுகிறேன்.

4. திரு. முத்துநாயகம் நல்ல விவசாயி. ஆனால் வாழைக்கு அடியில் ஒரு புல் தலைநீட்டினால், பெண் கேட்டு வந்த பொருத்தமில்லாத மாப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் அதைப் பார்ப்பார். களை முளைக்கும் முன்பே மண்ணில் அடிக்கிற மருந்து ஒன்று உண்டு. அதை டப்பாவில் எழுதியிருக்கும் அளவில் அடிப்பதைத் தன் தகுதிக்குக் குறைவாக நினைக்கிறவர் அவர். இந்த ஆண்டு பங்குனிக் கடைசியில் அடித்தார். அடித்த மூன்றாம் நாள் கோடைமழை கொட்டியது. அந்த மேல்மண் முழுவதும் கரைந்து தாணம்மாளின் வயலில் வந்து படிந்தது. மிச்சம் என் வயலுக்கு வந்தது.

5. கன்னிப்பூ நாற்றங்காலில் என் நாற்று விரலளவு வளர்ந்து, அதன்மேல் வளர மறுத்துப் பழுத்து நின்றது. கோலப்பன் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, “வேய், சட்டம் போட்டு மாட்டியிருக்கேருல்லா, அந்த அட்டைய எறக்கி அதுல வெதைச்சுப் பாரும். நல்லா வெளையும்” என்றான். தாணம்மாளின் நாற்றோ விரலளவுகூட வரவில்லை.

6. பள்ளி ஆய்வகத்தில் இருபத்தாறு ஆண்டுகளாகச் சோதனைக்குழாய் கழுவுகிறவன் நான். கழுவிக் கழுவிக் கொஞ்சம் விஞ்ஞானம் கையில் ஒட்டியிருக்கிறது. மண்ணில் மருந்து இருக்கிறதா என்று கண்டுபிடிக்கக் கருவி இல்லாதவர்கள் விதையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சந்தேகப்படும் மண்ணில் பயறைப் போட்டு, ஏழெட்டு நாளில் எத்தனை முளைத்தது, வேர் எவ்வளவு ஓடியது என்று அளந்தால் ஓரளவு தெரிந்துவிடும். இதை நான் வைகாசி முதல் ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்தில் ஒரு சொற்பொழிவாகவே செய்தேன். “மனுசன் பொய் சொல்லுவான், அட்டை பொய் சொல்லும், பயறு பொய் சொல்லாது” என்று முடித்தேன். கைதட்டு கிடைத்தது. அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் நான் விழுங்கியிருந்தால் இம்மனுவுக்கே வேலை இல்லை.

7. மேலப்பத்தில் வயல் வைத்திருக்கும் பதினொரு வீட்டாரும் ஆளுக்கு ஒரு பை மண் கொண்டுவந்தார்கள். டீக்கடையில் பதினொரு பேப்பர் கப் வாங்கி, அடியில் துளையிட்டு, மண் நிரப்பி, கப்புக்குப் பத்துச் சிறுபயறு போட்டு, பெயர் எழுதிப் படிப்பகத்து ஜன்னலில் வரிசையாக வைத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க எந்தக் குற்றமும் இல்லாத மண்ணை இன்னொரு கப்பில் வைத்திருக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். பன்னிரண்டாவது கப்பில் நான் டீ குடித்துவிட்டேன்.

8. எட்டாம் நாள் செடிகளைப் பிடுங்கிப் பள்ளி ஸ்கேலால் அளந்தேன். அளந்ததோடு நின்றிருக்கலாம். படிப்பகத்துக் கரும்பலகையில் பள்ளி முடிவு மாதிரி ரேங்க் போட்டேன். தாங்கள் நேரில் பார்க்கவில்லை என்பதால் மூன்று வரிகளை மட்டும் இங்கே அப்படியே தருகிறேன்:

முதல் ரேங்க் – திரு. முத்துநாயகம். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.
பத்தாம் ரேங்க் – க. நாகேந்திரன். இருபத்தெட்டு. மூளை உண்டு, உழைப்பு இல்லை.
பதினோராம் ரேங்க் – தாணம்மாள். நான்கு. தேர்ச்சி இல்லை. வீட்டுக்காரரை அழைத்து வரவும்.

பள்ளிக்கூடத்தில் பெற்றோரை அழைத்து வரச் சொல்வோமே, அந்தப் பழக்கத்தில் கை தானாக எழுதியது. எழுதி முடித்த பிறகுதான் மஸ்கட் நினைவுக்கு வந்தது. அழித்திருக்கலாம். அதற்குள் பின்னால் நின்ற கோலப்பன் சிரித்துவிட்டான். சிரிப்பு வாங்கிய வரியை அழிக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

9. ரேஷன் கடைக்குப் போகிற வழியில் தாணம்மாள் வந்தாள். ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டி வாசித்தாள். அவள் வாசித்து முடிக்கும் வரை எட்டுப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவள் என்னைப் பார்த்து, “மஸ்கட்டுக்கு ஆரு போயி விளிச்சிட்டு வருவா, கொழுந்தனாரே?” என்று கேட்டாள். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. ஆகவே அதையும் ஒரு நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு எல்லோரும் இரண்டாம் முறை சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு ஈடுகொடுத்துப் பேச ஊரில் ஒருத்தியாவது இருக்கிறாளே என்று பாராட்டவும் செய்தேன். அந்தப் பலகை பதினொரு நாள் அழியாமல் இருந்தது. அதற்குப் பிறகு குழாயடியில் அவள் குடத்தோடு வந்தால், “பதினொண்ணு வருது, வழிய விடுங்கட்டி” என்பார்கள்.

10. முதல் ரேங்க் பற்றியும் ஒரு உண்மை உண்டு. திரு. முத்துநாயகம் கொண்டுவந்த மண்ணைக் கப்பில் நிரப்பும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அதில் தேங்காய் நாரும் மக்கிய சாணமும் ஒரு துண்டு முட்டை ஓடும் இருந்தன. வாழைக்குழியில் யாரும் முட்டை ஓடு போடுவதில்லை. அது பூச்சட்டி மண். அந்தத் தொழிலில் எனக்கு அனுபவம் இருப்பதால் ஒரு பார்வையில் பிடித்துவிட்டேன். வெளியே சொல்லவில்லை. படிப்பகத்துக் கூரைக்கு நாலு தகரம் வேண்டியிருந்தது. அதற்கு அவர் கையொப்பம் வேண்டியிருந்தது. பூச்சட்டி மண்ணுக்கு முதல் ரேங்க் கொடுத்தேன். தகரம் வந்தது.

11. இனி ஆடி மாதத்துக்கு வருகிறேன். எங்கள் அம்மன் கோயில் கொடை விழாவுக்கு, மேலப்பத்தில் பயிரிடும் வீட்டுக்கு ஒரு சட்டி முளைப்பாரி எடுப்பார்கள். விதவையும் எடுக்கலாம், அந்த மட்டில் எங்கள் ஊர் முற்போக்கானது. ஆனால் வேறெந்த ஊரிலும் நான் கேள்விப்படாத ஒரு கட்டுப்பாடு எங்களுக்கு உண்டு. சட்டிக்கு மண், அவரவர் பயிரிடும் வயலிலிருந்துதான் எடுக்க வேண்டும். கோயிலை ஒட்டிய இருட்டறையில் ஒன்பது நாள் சட்டிகள் இருக்கும். தண்ணீர் ஊற்றும் ஒருத்தியைத் தவிர யாரும் பார்க்கக் கூடாது. அவளும் வெளியே சொல்லக் கூடாது. யாருடைய சட்டி கருகுகிறதோ அவள் அடுத்த கொடை வரை நின்ற பயிரில் கால் வைக்கக் கூடாது. வைத்தால் ஊர்ப் பயிருக்கே கேடு. என் அறிவுக்கு எட்டியவரை இதற்கு முன் ஒரே ஒரு சட்டிதான் கெட்டது. அதுவும் எலி.

12. தாணம்மாளின் வயல் மண் பயறை என்ன செய்யும் என்று உலகத்திலேயே திட்டவட்டமாகத் தெரிந்த ஒரே ஆள் நான். சட்டிக்கு மண் எடுக்க அவள் கூடையோடு என் வீட்டைக் கடந்துதான் வயலுக்குப் போனாள். “மைனி, அந்த மண்ண எடுக்காதீங்க, புறவாசல்ல ரோஜாச்சட்டி இருக்கு” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பக்தியால் அல்ல. கப்பில் நடந்தது சட்டியிலும் நடக்கிறதா என்று பார்க்க ஆசையாக இருந்தது. ஆய்வகத்தில் தவளையை அறுக்கிற நாட்களில் என் முகத்தில் ஒரு தனிக் களை வரும் என்று எங்கள் ஆசிரியை ஒருவர் சொல்வார். அன்று அந்தக் களை வந்திருக்கும்.

13. 12.08.2025 செவ்வாய்க்கிழமை அறையைத் திறந்தார்கள். ஒன்பது சட்டிகளில் பயறு வெளிர் மஞ்சளாக ஒரு முழ உயரத்துக்கு நின்றது. அவற்றில் ஒன்று திரு. முத்துநாயகம் வீட்டுச் சட்டி; அதில் எந்த மண் என்று நான் குனிந்து பார்க்கவில்லை. என் வீட்டுச் சட்டியில் அரை முழம். அதை என் மனைவி பூவைச் சுற்றி மறைத்துவிட்டாள். தாணம்மாளின் சட்டியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தவிட்டு நிறத்தில் சுருண்டு கிடந்தது. குரவையிட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஒருத்தர் பின் ஒருத்தராக நிறுத்தினார்கள். தாணம்மாள் மற்றவர்களைப் போலவே சும்மாடு சுற்றி, சட்டியைத் தூக்கக் குனிந்தாள். திரு. முத்துநாயகம், “அது அங்கண இருக்கட்டும். மத்ததெல்லாம் எடுங்க” என்றார். சத்தம் போடவில்லை. அவர் எப்போதும் சத்தம் போடுவதில்லை.

பத்துச் சட்டிகள் மேளத்தோடு குளத்துக்குப் போயின. தாணம்மாளும் வந்தாள். வரிசையில் அல்ல, வரிசைக்கு இருபதடி பின்னால். தலையில் சும்மாடு மட்டும் இருந்தது. அதை எடுத்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. எடுத்துவிடச் சொல்லவும் யாரும் போகவில்லை. கோலப்பன் என் காதில், “ஹால் டிக்கெட் இல்லாம பரீட்சைக்குப் போறா, பாத்தேரா” என்றான். அது நான் சொல்லியிருக்க வேண்டியது என்று அந்த நேரத்தில் எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.

14. 24.08.2025 அன்று டிரஸ்ட் கூட்டம். தாணம்மாள் வெளியே படியில் நின்றாள். திரு. முத்துநாயகம் தம் கைப்பேசியில் என் கரும்பலகையின் படத்தை வைத்திருந்தார். எல்லோருக்கும் காட்டினார். என் கையெழுத்து அழகாகவே விழுந்திருந்தது. “அம்மனும் சொல்லியாச்சு, சயின்ஸும் சொல்லியாச்சு. இனி ஆரு வந்து சொல்லணும்?” என்று கேட்டார். தாணம்மாள் படியில் நின்றபடியே, “ஒரே ஒரு பூ தாங்க அண்ணாச்சி. வெளையல்லேண்ணா நானே விட்டுட்டுப் போறேன்” என்றாள். அதற்கு அவர், “வெளையாத மண்ணுமேல எதுக்குட்டி இவ்வளவு ஆசை?” என்றார்.

“செயலாளர் என்ன சொல்லுதேரு?” என்று யாரோ என்னைக் கேட்டார்கள். நான் எழுந்தேன். வாழைத்தோப்பு, மருந்து, மழை, முட்டை ஓடு எல்லாம் வாய் வரை வந்தன. வாயிலிருந்து வந்தது இதுதான்: “பரீட்சை எழுதினது மண்ணு, கிளாஸைவிட்டு வெளிய நிக்கது மைனி.” அதில் நியாயம் இருந்தது. ஆனால் சொன்னவன் நான் ஆகையால் கூட்டம் சிரித்துவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விட்டது. அடுத்த பொருள், கொடைக்குப் போட்ட பந்தலில் கிழிந்த துணி. தாணம்மாளின் பாட்டம் அன்றே ரத்தாகி, அந்த முப்பது செண்டு வேறொரு வீட்டுக்குப் போனது.

15. அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். இறங்கியது. ஆனால் கப்புகளை மறுபடியும் எடுத்தேன். இம்முறை ஒழுங்காகச் செய்தேன். ஒப்பிட நல்ல மண்ணும் வைத்தேன். முடிவு பின்வருமாறு. ரோஜாச்சட்டி மண்ணில் குளத்துத் தண்ணீர் ஊற்றிய கப்புகளில் பத்துக்கு ஒன்பது முளைத்தது. வேர் மூன்று அங்குலம். அதே மண்ணில், வாழைத்தோப்பிலிருந்து வடியும் கலங்கல் தண்ணீர் ஊற்றியதில் ஏழு முளைத்தது. வேர் ஓர் அங்குலம். முப்பது செண்டின் மேல்மண்ணில் இரண்டு முளைத்தது. வேர் கால் அங்குலம், நுனி பருத்துக் கொசு கடித்த விரல் மாதிரி. அதே முப்பது செண்டில் ஒரு முழம் ஆழத்திலிருந்து எடுத்த மண்ணில் ஒன்பது முளைத்தது. வேர் மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஐயா, குற்றம் அந்த மண்ணில் பிறந்தது அல்ல. மேலே வந்து படிந்தது. ராசியில்லாதவளின் மண் என்றால் ஒரு முழம் கீழேயும் ராசியில்லாமல்தானே இருக்க வேண்டும்?

16. இந்தக் கப்புகளை ஒரு தட்டில் வைத்து டிரஸ்ட் அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். திரு. முத்துநாயகம் பொறுமையாகப் பார்த்தார். “ஒம்ம கப்பு வைகாசியில ஒண்ணு சொல்லிச்சு, ஆவணியில ஒண்ணு சொல்லுது. ஐப்பசியில என்ன சொல்லும் வேய்?” என்றார். கோலப்பன், “இந்தத் தடவ ரேங்க் எங்க வேய்?” என்று கேட்டான். நான் ஒன்றும் சொல்லாமல் நின்றேன். என் வாழ்க்கையில் நான் வாங்கிய மிகப் பெரிய சிரிப்பு அதுதான். இனி நான் குளம் வற்றிவிட்டது என்று சொன்னாலும் ஊரார் குடத்தோடு சிரித்துக்கொண்டேதான் போவார்கள். பொய் சொல்லாது என்று நான் அறிமுகப்படுத்திய பயறு, நான் சொல்வதால் மட்டுமே பொய்யாகிவிட்டது.

17. இப்போது கும்பப்பூ. புதிய பாட்டக்காரர்கள் அந்த முப்பது செண்டின் மூலையில் நாற்றங்கால் போட்டார்கள். வேறு கை, வேறு விதை, நல்ல நாள் பார்த்து இட்டது. அதுவும் விரலளவில் நின்று பழுத்துவிட்டது. இதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும்? ஆனால் புதிய பாட்டக்காரியை யாரும் ராசியில்லாதவள் என்று சொல்லவில்லை. “சவம், மழை பெஞ்சு கெடுத்திட்டு” என்கிறார்கள். வீட்டுக்காரர் உயிரோடு இருப்பவளுக்கு மழை கெடுக்கிறது. இல்லாதவளுக்கு அம்மன் கெடுக்கிறாள்.

18. தாணம்மாள் கன்னிப்பூ அறுப்புக்கு எந்த வயலிலும் இறங்கவில்லை. கும்பப்பூ நடவுக்கும் யாரும் கூப்பிடவில்லை. நடவுப் பெண்கள் வேன் ஏறுகிற இடத்தில் ஒரு நாள் போய் நின்றிருக்கிறாள். வேனில் இடம் இருந்தது, கதவைச் சாத்திவிட்டார்கள். இப்போது மயிலாடியில் ஒரு கல்பட்டறைக்குப் போகிறாள். சிலைகளுக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றி மெருகு தேய்க்கும் வேலை. கைவிரல் நுனிகள் தேய்ந்து, ரேஷன் கடையில் ரேகை பதியவில்லை என்று போன மாத அரிசி கிடைக்காமல் திரும்பிப் போனாள். அவள் இப்போது தேய்ப்பது ஓர் அம்மன் சிலை என்று கோலப்பன் பார்த்துவிட்டு வந்து சொன்னான். இதில் சிரிக்க ஏதோ இருக்கிறது என்று தெரிகிறது. அது என்ன என்று எனக்கே இதுவரை பிடிபடவில்லை.

நான் ஒருமுறை பட்டறைக்குப் போய், “மைனி, உங்க வயல்ல தப்பு இல்ல, நான் சோதிச்சுப் பாத்துட்டேன்” என்றேன். அவள் தேய்ப்பதை நிறுத்தாமல், “இப்ப எத்தனாவது ரேங்க் கொழுந்தனாரே?” என்று கேட்டாள்.

19. ஆகவே தாங்கள் கருணைகூர்ந்து செய்ய வேண்டுவன:

அ) மேற்படி முப்பது செண்டு, அதற்கு மேலுள்ள வாழைத்தோப்பு, அதற்குக் கீழுள்ள என் வயல் ஆகிய மூன்றிலும் மேல்மண்ணையும் அடிமண்ணையும் தங்கள் அலுவலரே நேரில் வந்து எடுக்க வேண்டும். ஊரார் எவர் கையிலிருந்தும் மண் வாங்க வேண்டாம். என் கையிலிருந்து கண்டிப்பாக வாங்க வேண்டாம்.

ஆ) மண் பரிசோதனை நிலையத்தில் பார்ப்பது சத்தும் உப்பும் மட்டுமே என்பது எனக்குத் தெரியும். மருந்து எச்சம் பார்க்கும் ஆய்வகத்துக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறேன்.

இ) பயறும் நாற்றும் கருகியது களைக்கொல்லியால்தான், பயிரிட்டவரால் அல்ல என்று முடிவு வந்தால், அதை முத்திரையிட்ட தாளில் நாலு வரி எழுதித் தர வேண்டும். நடவு இம்மாதக் கடைசியில் முடிந்துவிடும். அதற்கு முன் அந்தத் தாள் கிடைத்தால் தாணம்மாள் நின்ற பயிரில் கால்வைப்பதற்கு இருக்கும் தடையை நீக்குவதாக, புதிய நாற்றும் கருகியபின் வேறு வழியில்லாமல், டிரஸ்ட் ஒப்புக்கொண்டிருக்கிறது. அரசு முத்திரை நகைச்சுவை செய்யாது என்று ஊரார் நம்புகிறார்கள்.

ஈ) மேல்வயலில் இனி அளவுக்கு மீறி மருந்து அடிக்காதபடி எச்சரித்து, முப்பது செண்டின் மேல்மண்ணை எப்படிச் சீர்செய்வது என்றும் வழி சொல்ல வேண்டும்.

நிலம் யாரிடம் இருக்க வேண்டும் என்பது தங்கள் துறையின் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல என்பதால் அதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.

20. ஒரு பெண்ணின் பெயரைக் கெடுக்கப் பதினொரு பேப்பர் கப்பும் ஒரு துண்டுச் சாக்பீஸும் போதுமாக இருந்தன. அதைத் திருப்பிக் கொடுக்க ஓர் அரசு அலுவலகமே தேவைப்படுகிறது. தங்கள் அலுவலர் வரும் நாளில் குளத்துக்கரையில் காத்திருந்து, கேட்ட இடத்தைக் காட்டி, கேட்காத எதையும் பேசாமல் நிற்பேன் என்று உறுதி கூறுகிறேன். காலம் கடத்தாமல் ஆவன செய்யும்படி கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) க. நாகேந்திரன்

இடம்: மருதூர்க்குளம்
நாள்: 06.10.2025

இணைப்பு:
1. கரும்பலகையின் படம் – ஒன்று.
2. இரண்டாம் சோதனையின் அளவுகள் – இரண்டு தாள்.
3. வேர் பருத்த பயறுச் செடிகள், காகிதத்தில் ஒட்டியது – ஆறு.

நில விவரம் (தங்கள் அலுவலகப் படிவத்தில் கேட்டிருப்பதால்):
இடம் – மருதூர்க்குளம் மேலப்பத்து. பரப்பு – முப்பது செண்டு. உடைமை – ஊர்வகை அம்மன் கோயில் டிரஸ்ட். 24.08.2025 முதல் பாட்டதாரர் – லட்சுமிப்ரியா, கணவர் பெயர் நாகேந்திரன், நடுத்தெரு, மருதூர்க்குளம்.